தோழியின் சாவில் தொடங்கும் காவியம்

காதல் கதை என்று கையில் எடுத்த ஒரு நாவல், நட்பின் கதையாக என் நினைவில் தங்கிவிட்டது. சாரா ஜே. மாஸ் எழுதிய ‘கிரசென்ட் சிட்டி’ வரிசையின் முதல் நூலான ‘ஹவுஸ் ஆஃப் எர்த் அண்ட் பிளட்’டைத்தான் சொல்கிறேன். 2020 மார்ச் 3 அன்று வெளியான இந்த நாவல் ஏறத்தாழ 800 பக்கம் நீள்கிறது. தேவதூதர்கள், ஓநாயாக உருமாறுபவர்கள், கொலை, துப்பறிதல், காதல் என்று இந்த வகை நூல்கள் வாக்களிக்கும் எல்லாமே உள்ளே இருக்கின்றன. ஆனாலும் அந்த வாசிப்பை இன்று திரும்பிப் பார்க்கும்போது காதல் காட்சிகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. செத்துப்போன ஒரு தோழியும், அவளை விட்டுவிட முடியாத இன்னொரு தோழியுமே முன்னால் வந்து நிற்கிறார்கள். இது என் மனச்சாய்வா, நாவலே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறதா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். நாவலின் கட்டுமானமே அதுதான் என்பது நான் வந்து சேர்ந்த முடிவு. இந்த எழுத்துவகைக்கு வைக்கப்படும் பெயரில் காவியம், நகரம், மிகுபுனைவு, காதல் எல்லாம் வரிசையாக நிற்கும். பல நூல்களில் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகவே கிடக்கும். இந்த முதல் நூலில் அவற்றைச் சேர்த்துக் கட்டியிருப்பது, தோழியை இழந்தவளின் துக்கம். அந்தக் கட்டு இருப்பதால்தான் நாவல் தன் எடையைத் தாங்கி நிற்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவைத் தொட்டுப் பேசாமல் என் வாதத்தைச் சொல்ல முடியாது. கொலையாளி யார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன். மிட்கார்ட் என்றோர் உலகம். அஸ்டெரி என்னும் ஆதிக்கக் கூட்டம் அதை ஆள்கிறது. அவர்களுக்குக் கீழே தேவதூதர்கள், ஃபே இனத்தார், உருமாறிகள், சூனியக்காரிகள் என மாயசக்தி உடைய பல இனங்கள். அடித்தட்டில் மனிதர்கள். இஸ்ட்ரோஸ் ஆற்றங்கரையில் இருக்கும் லூனாதியன் நகரத்துக்குக் கிரசென்ட் சிட்டி என்று இன்னொரு பெயர். அங்கே பழம்பொருள் விற்கும் ஒரு கேலரியில் வேலை பார்க்கிறாள் பிரைஸ் குயின்லன். தந்தை ஃபே, தாய் மனிதப்பெண். அவளோடு ஒரே வீட்டில் வசிக்கும் உயிர்த்தோழி டானிகா ஃபெண்டிர், ஓர் ஓநாய்க் கூட்டத்தின் தலைவி. சத்தமாகச் சிரிப்பவள், அதிகாரத்துக்கு அஞ்சாதவள், பிரைஸைப் பாதி ரத்தக்காரி என்று ஒருபோதும் குறைத்துப் பார்க்காதவள். ஓர் இரவு பிரைஸ் கேளிக்கை விடுதியில் இருக்கிறாள். திரும்பி வரும்போது டானிகாவும் அவளுடைய கூட்டமும் வீட்டிலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து அதே விதமான கொலைகள் மறுபடி தொடங்குகின்றன. ஆளுநரின் அடிமையாக இருக்கும் ஹன்ட் அதலார் என்ற வீழ்ந்த தேவதூதனோடு சேர்ந்து துப்புத்துலக்கும்படி பிரைஸுக்கு உத்தரவு வருகிறது. மீதிக் கதை அங்கிருந்து விரிகிறது.

முதலில் காவியம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பெரிய நிலப்பரப்பு, பல இனங்கள், போர், உலகத்தின் தலையெழுத்து ஆகியவை இருந்தால் காவியம் என்று இன்றைய புத்தகச் சந்தை சொல்கிறது. ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய காவியமான கில்காமெஷின் மையத்தில் இருப்பது ஒரு நண்பனின் சாவு. எங்கிடு இறந்த பிறகுதான் கில்காமெஷுக்கு மரணம் என்றால் என்ன என்று உறைக்கிறது. அரசைத் துறந்து அலைகிறான், மரணத்தின் நீரைக் கடக்கிறான், சாகாவரம் தேடித் தோற்கிறான், கடைசியில் தன் ஊரான உருக்கின் மதில் முன்னால் வந்து நிற்கிறான். இலியட்டிலும் போரை விட்டு ஒதுங்கியிருந்த அகிலீஸைத் திரும்பக் களத்துக்கு இழுப்பது நண்பன் பட்ரோக்ளஸின் சாவு. காவியத்தின் அளவை அதன் நிலப்பரப்பு தீர்மானிப்பதில்லை. ஒரு தனி இழப்பு ஓர் ஆளை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. மாஸ் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, இந்தப் பழைய அச்சில்தான் தன் கதையை வார்த்திருக்கிறார். நட்பின் சாவு, ஆற்றுக்கு அக்கரையில் இறந்தோரின் உலகம், சாகாவரம், கடைசியில் நகரம் என எல்லாமே இங்கும் வருகின்றன. ஒரு பெரிய மாற்றம் உண்டு. பழைய காவியங்களில் இந்தத் துக்கம் ஆண்களுக்கு இடையிலானது. இங்கே இரண்டு இளம்பெண்களின் நட்பு அந்த இடத்தில் அமர்கிறது. கடைக்குப் போவது, ஒருவர் உடுப்பை மற்றவர் போட்டுக்கொள்வது, இரவு முழுக்கப் பேசுவது என்று உலகம் அற்பமாகவே நினைத்துவந்த நட்பு, ஒரு காவியத்தைத் தாங்கும் என்று இந்த நாவல் காட்டுகிறது.

அந்தத் துக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கொலை நடந்த இரவில் பிரைஸின் தொடையில் ஒரு காயம் படுகிறது. மாய மருத்துவம் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் ஊரில் அவள் அதை முறையாகக் குணப்படுத்திக்கொள்ளாமல் வலியோடேயே நடமாடுகிறாள். அந்தக் காயத்துக்குள் அசுர விஷம் தங்கியிருந்தது வெகுநாள் கழித்தே தெரியவருகிறது. ஊர் அவளை இன்னமும் குடித்துக் கூத்தடிப்பவளாகவே பார்க்கிறது. அவளோ குடியை எப்போதோ விட்டுவிட்டாள். விட்டதை யாருக்கும் விளக்கிச் சொல்வதும் இல்லை. தோழி செத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் களிப்பில் இருந்தேன் என்ற எண்ணம் அவளை அரிக்கிறது. அதைப் பிரசங்கமாகச் சொல்லாமல் ஒரு பழக்கம் நின்றுபோனதன் வழியாகச் சொல்வது நல்ல கலை. இன்னொன்று, அந்நகரத்தின் இறுதிச் சடங்கு. உடலைக் கறுப்புப் படகில் வைத்து ஆற்றில் விடுவார்கள். பனிமூட்டத்துக்கு அப்பால் உள்ள இறந்தோர் பகுதியைச் சேராமல் படகு கவிழ்ந்துவிட்டால், அந்த ஆன்மா தகுதியற்றது என்று பொருள். டானிகாவுக்கு அந்த அவமானம் நேர்ந்துவிடக் கூடாது என்று பிரைஸ் பாதாள அரசனிடம் போகிறாள். தனக்கு அங்கே கிடைக்கவேண்டிய இடத்தையே விட்டுக்கொடுத்துத் தோழியின் படகைக் கரைசேர்க்கிறாள். இதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. பின்னால் ஓரிடத்தில் நமக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான். நாவல் வெளியாகி எட்டு நாள் கழித்து, உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. வேண்டியவர்களின் இறுதிச் சடங்குக்குக்கூடப் போகமுடியாமல் உலகமெங்கும் மனிதர்கள் தவித்த காலம் அது. அந்தக் காலத்தோடு சேர்த்தே இந்தப் பகுதி என் நினைவில் பதிந்திருக்கிறது. அது மாஸ் திட்டமிட்டதல்ல. ஆனால் இறந்தவருக்குச் சரியாக விடைகொடுப்பது எவ்வளவு அடிப்படையான தேவை என்பதை நாவல் முன்பே புரிந்துவைத்திருந்தது.

அடுத்தது நகரம். எண்பதுகளில் சார்ல்ஸ் டி லிண்ட், எம்மா புல் போன்றவர்கள் நகர மிகுபுனைவுக்கு ஒரு வடிவம் கொடுத்தபோது, நாம் அறிந்த உண்மையான ஊருக்குள் மாயம் நுழைவதே அதன் கவர்ச்சியாக இருந்தது. எம்மா புல்லின் ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ 1987-ல் மினியாபொலிஸ் தெருக்களில் நடந்தது. பின்னால் ஜிம் புட்சர் சிகாகோவை எடுத்துக்கொண்டார். மாஸ் அந்த வழியில் போகவில்லை. முழுக்கக் கற்பனையான உலகம் ஒன்றை உண்டாக்கி, அதற்குள் கைபேசி, குறுஞ்செய்தி, கண்காணிப்புக் கேமரா, போக்குவரத்து நெரிசல், வாடகை வீடு, அலுவலகத் தொல்லை எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்கிறார். வாளும் செல்போனும் ஒரே கையில் இருப்பது முதலில் உறுத்தத்தான் செய்யும். சில அத்தியாயம் கடந்த பிறகு அதன் நியாயம் புரிகிறது. இன்றைய துக்கம் இருப்பது கைபேசியில். டானிகாவின் கூட்டத்தைச் சேர்ந்த கானர், பிரைஸை விரும்புகிறவன். பத்திரமாக வீடு சேர்ந்ததும் தகவல் சொல்லும்படி அவளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறான். எந்த நாளும் எவரும் எவருக்கும் அனுப்பக்கூடிய சாதாரண வரி அது. அனுப்பியவன் செத்த பிறகு அதே வரி படிக்கமுடியாத வரியாகிவிடுகிறது. கோட்டையும் குதிரையும் இருக்கும் மத்தியகால மிகுபுனைவில் இந்த வலியை எழுத வழியில்லை. இறந்தவரின் எண்ணை அழிக்கமுடியாமல் வைத்திருக்கும் தலைமுறைக்காக எழுதப்பட்ட காவியத்துக்கு நகரம் கட்டாயம் வேண்டும்.

காதலுக்கு வருவோம். முத்தத்துக்கே பாதிப் புத்தகத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காதலை நாடி வந்த வாசகருக்கு இது பெரிய சோதனை. ஆனால் ஹன்ட் யார் என்று பார்த்தால் இந்தத் தாமதத்தின் காரணம் விளங்கும். அவனும் துக்கம் காப்பவன்தான். நூற்றாண்டுகளுக்கு முன் ஷஹார் என்ற தலைமைத் தேவதூதி அஸ்டெரிக்கு எதிராகக் கலகம் செய்தாள். அவளைக் காதலித்த ஹன்ட் அவள் பக்கம் நின்று போரிட்டான். கலகம் தோற்றது, அவள் இறந்தாள், அவன் அடிமையானான். அவன் சக்தியைக் கட்டும் மந்திரக் குறியை நெற்றியிலேயே பச்சை குத்திவிட்டார்கள். எஜமானன் சொல்லும் ஆட்களைக் கொல்வது அவன் வேலை. இப்படி இருவர் எடுத்த எடுப்பில் காதலில் விழுந்திருந்தால், அது இறந்துபோன இருவருக்கும் செய்யும் துரோகமாக இருந்திருக்கும். மாஸ் அவர்களை முதலில் ஒன்றாக வேலைசெய்ய விடுகிறார். சந்தேகம், எரிச்சல், ஒருவர் கைபேசியில் மற்றவர் தன் பெயரை வேடிக்கையாக மாற்றிப் பதிந்துவைக்கும் சீண்டல், பிறகு மெல்ல வரும் நம்பிக்கை. தன்னை அறிவுரையால் தேற்ற முயலாமல் தன் துக்கத்தோடு பக்கத்தில் இருக்கத் தெரிந்த ஒருவன் கிடைத்த பிறகே பிரைஸ் மனம் திறக்கிறாள். காதலுக்கு இங்கே துக்கம் தடையாக நிற்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் வழியே அதுதான்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. எல்லோரும் முதலில் சொல்வது நாவலின் தொடக்கத்தைப் பற்றித்தான். நான்கு இல்லங்கள், ஆட்சியடுக்குகள், மதங்கள், போதைப்பொருள்கள், தெருப்பெயர்கள் என்று முதல் நூறு பக்கம் தகவல் மழை. எத்தனையோ வாசகர்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவைத்திருக்கிறார்கள். அந்தக் குறை உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. உலகத்தின் சட்டதிட்டங்களை உரையாடலுக்குள் திணிக்கும் இடங்கள் செயற்கையாக இருக்கின்றன. கண்டிப்பான பதிப்பாசிரியர் சிலவற்றை வெட்டியிருப்பார். ஆனால் அந்த நீளத்தின் பயன் நூலின் நடுவில்தான் தெரியும். டானிகா உயிரோடு இருப்பது அந்தத் தொடக்கப் பக்கங்களில்தான். கேலரி வாசலில் அவள் வந்து நிற்பதும், தோழியரின் கேலிப்பேச்சும், அன்றைய மாலைக்கான திட்டமும் வாசகருக்குப் பழகிய பின்னரே அவள் சாகிறாள். விரைவாகச் சாகும் பாத்திரத்துக்காக நாம் வருந்துவதில்லை, குறித்துக்கொண்டு நகர்கிறோம். இங்கே நகரத்தின் பெயர்களெல்லாம் நமக்கு முதலில் அறிமுகமாவது டானிகா நடமாடிய இடங்களாகத்தான். அவள் போன பிறகு அதே தெருவில் பிரைஸ் தனியாக நடக்கும்போது அந்தத் தகவல்களே நினைவுகளாக மாறிவிடுகின்றன. தொடக்கத்தைச் சுருக்கலாம், எடுத்துவிட முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. நாயகனையோ நாயகியையோ கிளப்பிவிடுவதற்காக ஒரு பெண் பாத்திரத்தைக் கொல்வது வணிகக் கதைகளின் பழைய தந்திரம். அமெரிக்க காமிக்ஸ் எழுத்தாளர் கெயில் சிமோன் 1999-லேயே இதைப் பட்டியல் போட்டுக் காட்டினார். டானிகாவும் கதையை ஓட்டுவதற்கான பிணம்தானே என்று கேட்கலாம். இதற்கு நாவலே பதில் வைத்திருக்கிறது. தந்திரத்துக்காகக் கொல்லப்படும் பாத்திரம் செத்த பிறகு மாறுவதில்லை. ஒரு புகைப்படமாகச் சுவரில் தொங்கும். டானிகாவோ செத்த பிறகு மாறிக்கொண்டே இருக்கிறாள். விசாரணை முன்னேற முன்னேற, அவள் தோழியிடம்கூடச் சொல்லாமல் மறைத்துவைத்த காரியங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிய ஒருத்தியை மறுபடி முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய நிலை பிரைஸுக்கு. கோபம் வருகிறது, சந்தேகம் வருகிறது, அன்பு மட்டும் குறைவதில்லை. துப்பறியும் கதையின் கேள்வி வழக்கமாகக் கொன்றது யார் என்பதாக இருக்கும். இந்நாவலில் கொல்லப்பட்டவள் யார் என்பதே அதைவிடப் பெரிய கேள்வியாக வளர்கிறது. இந்த நட்பு விதிவிலக்கும் அல்ல. கேலரியின் நூலகத்தில் அடிமையாக இருக்கும் லெஹாபா என்ற சின்னஞ்சிறு நெருப்புத் தேவதை, கடைசிப் பகுதியில் பிரைஸ் தப்பிப்பதற்காகத் தான் பின்தங்கி உயிரைக் கொடுக்கிறாள். அவளுக்கு அரசியல் பலமில்லை, உடல்பலமில்லை, கதையில் காதலும் இல்லை. தோழமை மட்டுமே இருக்கிறது. நாவல் தன் உச்சங்களைக் கொடுத்து வைத்திருப்பது யாரிடம் என்று பார்த்தால் அதன் மனம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது மறுப்பு ஆறுதலைப் பற்றியது. மாய உலகத்தில் துக்கம் எளிதாகத் தீர்ந்துவிடுகிறது, நிஜத்தில் செத்தவர் வருவதில்லை, ஆகவே இது தப்பித்தல் எழுத்து என்பார்கள். முடிவைப் பார்த்துவிட்டுத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த உலகத்தில் சாகாவரம் பெற ‘டிராப்’ என்றொரு சடங்கு உண்டு. தன் சக்தியின் அடியாழம் வரை இறங்க வேண்டும். உடல் சற்று நேரம் செத்தேவிடும். பிறகு மேலே ஏறி வர வேண்டும். ஏறிவரும் வழியைப் பிடித்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவர் நங்கூரமாக நிற்பார். அப்போது பீறிட்டு வரும் முதல் ஒளிதான் நகரத்தின் விளக்குகளையும் எந்திரங்களையும் இயக்கும் மின்சாரம். அசுரர்கள் நகரத்துக்குள் புகுந்து மக்களைக் கொன்று குவிக்கும்போது, நங்கூரம் இல்லாமலேயே பிரைஸ் அந்த ஆழத்துக்குள் குதிக்கிறாள். திரும்பி வரும் எண்ணம்கூட அவளுக்கு அதிகம் இல்லை. அங்கே நங்கூரமாக வந்து நிற்பது டானிகா. காதல் தொடரின் முதல் நூலில், உச்சக்கட்டத்தில், நாயகியை மீட்க வருபவன் காதலன் அல்ல, செத்த தோழி. இதைவிடப் பெரிய சான்று என் வாதத்துக்குத் தேவையில்லை. டானிகா உயிர்பெற்று வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தன்னோடு வந்துவிடும்படி அவள் பிரைஸை அழைக்கவில்லை. நீ போய் வாழ் என்று மேலே அனுப்புகிறாள். துக்கம் தீர்க்கப்படவில்லை, அதைச் சுமந்துகொண்டு வாழ்வதற்கான அனுமதி கிடைக்கிறது. அந்த மீட்சியிலிருந்து பிறக்கும் ஒளிதான் நகரத்தைக் காப்பாற்றுகிறது. ஒருத்தியின் தனிப்பட்ட துயரமும் ஊரின் தலைவிதியும் ஒரே செயலில் சந்திக்கின்றன. இப்படிச் சந்திக்கவைப்பதுதான் காவியத்தின் வேலை. தப்பித்தல் எழுத்து துக்கத்தை மறக்கச் செய்யும். இந்நாவல் அதன் அடி வரை இறங்கச் சொல்கிறது.

கடைசி மறுப்பு, தொடர் நூல்களின் வணிகம். முதல் நூல் என்பது அடுத்தவற்றை விற்பதற்கான முன்னோட்டம்தானே என்ற சந்தேகம் நியாயமானது. 2022-லும் 2024-லும் அடுத்த இரண்டு நூல்கள் வந்தன. கதை விரிந்தது, மாஸின் வேறொரு தொடரின் உலகத்தோடு போய் இணையவும் செய்தது. எத்தனையோ தொடர்களின் முதல் நூல் கேள்விகளைக் கிளப்பிவிட்டு, பதிலுக்கு அடுத்த ஆண்டு வா என்று வாசகரை வாசலில் நிறுத்திவிடும். இந்த நூல் அப்படிச் செய்யவில்லை. அஸ்டெரியின் ஆட்சி அப்படியே நிற்கிறது, அடிமைமுறை தொடர்கிறது, அரசியல் கணக்குகள் தீரவில்லை. ஆனால் முதல் பக்கங்களில் தொடங்கிய தோழியரின் கதை இதே நூலில் முழுமை அடைகிறது. அடுத்தவை எழுதப்படாமல் போயிருந்தாலும் இது தனி நாவலாக நின்றிருக்கும். நீண்ட தொடரின் முதல் நூலை மதிப்பிட எனக்கு இதுவே அளவுகோலாகிவிட்டது. உலகம் எவ்வளவு பெரிதாகத் திறக்கிறது என்று இப்போது நான் முதலில் பார்ப்பதில்லை. திறந்துகொண்டே போகும் அந்த உலகத்துக்குள் ஒரு மனிதத் துயரமாவது முழுதாகச் சொல்லி முடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். காதல் நூல், பெண்கள் படிக்கும் நூல், கனமான விஷயம் இருக்காது என்று ஒதுக்கிவிடுவது எளிது. அப்படி ஒதுக்குகிறவர்கள் இழப்பது, நம் காலத்தில் நட்பின் இழப்பைக் காவிய அளவில் எழுதிப்பார்த்த ஒரு துணிச்சலான முயற்சியை. பெற்றோருக்கும் துணைக்கும் பிள்ளைக்கும் துக்கம் காக்க உலகம் விடுப்பு தருகிறது; தோழிக்காக அழுகிறவளை நாலே நாளில் வேலைக்குப் போகச் சொல்லிவிடுகிறது. அந்தத் துக்கத்துக்கும் 800 பக்கம் தகும் என்று ஒரு நாவல் சொல்லியிருப்பதை நான் மதிக்கிறேன்.